அப்பா சாடை என்று நான் சொன்னது

மருத்துவமனை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு சிஸ்டர் கலைவாணி போன் செய்தபோது நான் கொல்லையில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். "நோயாளிக்கு ஆறுதல் சொல்வது எப்படின்னு மூணு பக்கம் எழுதிக் குடுங்க பிரதர். புதுசா வந்திருக்குற பிள்ளைங்களுக்கு ஊசி போடத் தெரியுது, கம்ப்யூட்டர் தெரியுது, பேசத்தான் தெரியல. அதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்லையாமே" என்றார்.

கையில் மண்ணோடு சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்தபோதுதான் யோசனை வந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த பிரிவுக்குக் கலைவாணி வந்ததே நான் கிளம்பிய பிறகு. அவர் என் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறார், என்னைப் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்வது எப்படி என்று எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. நான் சொன்ன ஒரு ஆறுதல் என்ன வேலை செய்தது என்பதை எழுதலாம். போடுவதும் போடாததும் மலர்க் குழுவின் விருப்பம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நர்சிங் படித்தேன். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் தமிழில் ஒரு எம்.ஏ., உளவியலில் ஒரு எம்.ஏ. முடித்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில என்னவா இருக்காரு?" என்று கேட்டார்கள். "நர்ஸா இருக்காரு" என்றார் என் அப்பா. பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெண்ணின் பெரியப்பா, "பரவாயில்ல, போகப் போக டாக்டர் ஆயிருவாரு" என்று எல்லோரையும் சமாதானப்படுத்தினார். என் மனைவி இன்றுவரை காத்திருக்கிறார்.

அரசு வேலையில் பாதிக் காலம் குளத்தூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் போனது. அங்கேதான் எனக்கு 'ஒண்ணுமில்ல பிரதர்' என்று பேர் விழுந்தது. ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். தேள் கொட்டி வந்தாலும், பைக்கிலிருந்து விழுந்து எலும்பு வெளியே தெரிய வந்தாலும், நான் முதலில் சொல்வது, "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல." கால் முறிந்து கிடந்த ஒருவர், "ஒண்ணுமில்லேன்னா ஒன் காலக் கழட்டி எனக்குக் குடுய்யா" என்று கேட்டார். அவருக்கும் ஒண்ணுமில்லங்க என்றுதான் பதில் சொன்னேன். பெரும்பாலும் பலித்தது. தேள் கடியும் கால் முறிவும் எப்படியும் சரியாகிற சமாச்சாரங்கள். என் வாக்கு பலித்ததாக ஜனங்கள் நினைத்தார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்றதும் புதுக்கோட்டையில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே டாக்டர் ஜெசிந்தா புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மார்பிலும் கருப்பையையொட்டிய முட்டைப்பையிலும் புற்றுநோய் வருகிறதென்றால், அது பரம்பரையாக வருவதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நோய் வராத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் கூப்பிட்டு, வரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று கண்டுபிடித்து முன்கூட்டியே கவனிப்பார்கள். கதவில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. ஜனங்கள் அதை 'வம்சாவளி ரூம்' என்றார்கள்.

என் வேலை வம்சாவளி வரைவது. பெரிய தாளில், பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் கட்டம். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. புற்றுநோய் வந்தவர் என்றால் உள்ளே கருப்பு அடைக்க வேண்டும். படிக்கச் சுலபம். நம் ஊரில் வரைய உட்கார்ந்தால்தான் தெரியும். ஒரு பெரியவர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சனி எங்க நிக்கிது?" என்று கேட்டார். ஒரு அம்மா தன் தாயாரின் வட்டத்தில் நான் கோடு போட்டதும் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆத்தாவ இப்படி அடிச்சுப் போடாதீங்க தம்பி." அன்றிலிருந்து இறந்தவர்களுக்கு வந்தவர்கள் எதிரில் கோடு போடாமல், அவர்கள் போன பிறகு போடுவேன். அக்கா மகளைக் கட்டியவர்கள், அத்தை மகனைக் கட்டியவர்கள் என்று கோடுகள் சுற்றிச் சுற்றி வரும். ஒருநாள் டாக்டர் தாளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவரு உங்களுக்கு மாமாவா, மாமனாரா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தாங்க."

"சரி, இந்தம்மா?"

"அவங்க எங்க அக்கா. மாமியாரும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிட ரொம்பச் சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடிவு சொல்லும் நாளில் போனை அணைத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுவார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்தவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக உட்காருவார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்துப் பார்த்தார். எங்கள் பெண்கள் அதைத் தொடவே இல்லை, முந்தானையிலேயே துடைத்துக்கொண்டார்கள். பெட்டியை எடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் வைத்தார். எல்லாம் ஆன பிறகு கேட்பார்: "முடிவு வந்திருக்கு. இன்னிக்கே தெரிஞ்சுக்கணுமா?"

எனக்கு அது முதலில் புரியவே இல்லை. அறந்தாங்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் சிலர் யோசிப்பார்கள். சிலர், "வேணாம் டாக்டரம்மா, மக கல்யாணம் முடியட்டும்" என்று எழுந்து போவார்கள். டாக்டர் வாசல் வரை போய் வழியனுப்புவார். "எப்ப வேணும்னாலும் வாங்க. நான் இங்கதான் இருப்பேன்." அப்படி எழுந்து போனவர்களை மனதுக்குள் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்திருக்கிறேன். உளவியலில் எம்.ஏ. படித்தவன் நினைத்தது அது.

சேர்ந்த முதல் வாரமே டாக்டர் என் வாய்க்குப் பூட்டுப் போட்டார். "பிரதர், நீங்க நல்லாப் பேசுறீங்க. ஆனா இந்த ரூம்ல 'ஒண்ணுமில்ல'ங்கிற வார்த்தை வேணாம். நமக்குத் தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க. கூட இருக்கேன்னு சொல்லுங்க. போதும்."

"தெரியாதுன்னு சொன்னா பயந்துருவாங்களே டாக்டர்."

"பயப்படட்டும். நம்மதான் கூட இருக்கோமே."

சரி என்றேன். ரூமுக்குள் அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. சொன்னது ரூமுக்கு வெளியில்.

திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சரோஜா என்று ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டாத வயசு, மார்பில் புற்று. அவருடைய தாயார் சின்ன வயசிலேயே 'வயித்துக் கட்டி'யில் போனவர். தாயாரின் அக்காவும் அப்படியே. சரோஜாவின் ரத்தத்தைப் பார்த்ததில் பரம்பரைக் கோளாறுதான் என்று தெரிந்தது. அவருக்கு ஒரு தம்பி முத்தையா, ஒரு தங்கை தமிழரசி. இரண்டு பேரையும் வரவழைத்தோம். அவர்களுடைய அப்பாவும் துணைக்கு வந்தார். டாக்டர் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். "பூவா தலையா போடுற மாதிரிதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா. ஆம்பளை, பொம்பளைன்னு வித்தியாசம் கிடையாது." முத்தையா பெரிய மீசையைத் தடவிக்கொண்டு, "ஆம்பளைக்கும் வருமா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் டாக்டர் ஆமாம் என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினோம்.

சாயங்காலம் டீ குடிக்க வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் தமிழரசி தனியாக நின்றார். அப்பாவும் அண்ணனும் மருந்துக் கடைக்குப் போயிருந்தார்கள். முப்பதை ஒட்டிய வயசு. புருஷன் குவைத்தில். வீட்டில் மாமியாரும் ஒரு பெண் குழந்தையும்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"எனக்கு இருக்குமா சார்?"

தெரியாதும்மா, முடிவு வந்தால்தான் தெரியும், அதுவரை கூட இருக்கேன். இதுதான் பதில். எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பெண் கையிலிருந்த பையின் காதை முறுக்கி முறுக்கி அறுந்துபோகிற மாதிரி வைத்திருந்தார். பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காலையில் பார்த்த அப்பாவின் அதே அகல நெற்றி, அதே விரிந்த காது. சொல்லிவிட்டேன்.

"உங்க அக்காதான் அம்மா சாடைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க அச்சு அசல் உங்க அப்பா சாடை. அம்மா வழிச் சீக்கு உங்களுக்கு எப்படி வரும்? ஒண்ணுமில்லம்மா. போய் நிம்மதியாத் தூங்குங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையாட்டினார். நான் போய் டீ குடித்தேன். அன்றைக்கு டீ ரொம்ப நன்றாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிவுகள் மாசியில் வந்தன. தமிழரசியின் முடிவைப் பார்த்தேன். அக்காவிடம் இருந்த அதே கோளாறு அவரிடமும் இருந்தது. ஆனால் நாள் குறித்துச் சொல்லியும் தமிழரசி வரவில்லை. முத்தையாவும் வரவில்லை. போன் செய்தால் முத்தையா எடுப்பதில்லை. தமிழரசியின் போனை மாமியார்தான் எடுப்பார். "அந்த நல்ல வார்த்தை சொன்ன சாரா? நல்லா இருங்க சார், ஒங்க வாய்க்குச் சக்கரை போடணும்" என்பார். மாமியாரிடம் என்ன சொல்வது? மருமகளைக் கூப்பிடச் சொல்வேன். வேலைக்குப் போயிருக்கா, வந்ததும் பேசுவா என்பார். வந்ததும் பேச மாட்டார். ஏன் பேச வேண்டும்? அவருக்குத்தான் நான் முடிவைச் சொல்லியாகிவிட்டதே.

சித்திரையில் சரோஜா மருந்து ஏற்றிக்கொள்ள வந்தபோது விஷயம் முழுதாகத் தெரிந்தது.

"தங்கச்சி எதுக்கு சார் வரணும்? அவ அப்பா சாடை, ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்கள்ல. எங்க மாரிக்கண்ணு அயித்தை ஊருக்கே சொல்லிருச்சு."

"உங்க தம்பி?"

"அவன் ஆத்தா சாடை சார். அதான் அவனுக்கு இருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. எதுக்கு வந்து வேற கேக்கணும்னு இருக்கான். பாவம், ராத்திரிச் சோறு கூடத் திங்கிறதில்ல."

மாரிக்கண்ணு என்பவர் அப்பாவின் தங்கை. நான் பஸ் நிறுத்தத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் ஊரில் தனியாக ஒரு வம்சாவளிப் பிரிவே நடத்திக்கொண்டிருந்தார். சித்தி மகள்கள், பெரியம்மா மகன்கள் எல்லோரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இவனுக்கு உண்டு, இவளுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உண்டு என்று தீர்ப்பான ஒரு பையனுக்குப் பாவம் பார்த்து இரண்டு வீட்டில் கோழி அடித்துப் போட்டிருக்கிறார்கள். முத்தையா மீசையை இன்னும் பெரிதாக வளர்த்து, அம்மாவிடமிருந்து வந்த வாயை மறைத்துக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடியும் துடைத்தார்.

"உளவியல்ல எம்.ஏ. பண்ணியிருக்கீங்க இல்ல பிரதர்?"

"ஆமா டாக்டர்."

"அதுல சாடைன்னு ஒரு பாடம் இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப நீங்களாவே கண்டுபிடிச்சதா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தமிழரசியின் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து. சரோஜா என்னை அழைத்திருந்தார். டாக்டர் சொன்னார்: "போங்க. நீங்க சொன்னத நீங்களே திருப்பி எடுத்துக்கங்க. ஆனா முடிவு என்னன்னு ஒரு வார்த்தை, ஒரு முகக்குறி, வெளியில வரக்கூடாது. அது அந்தப் பொண்ணோடது. அவங்க கேட்டாத்தான், அவங்களுக்கு மட்டும்தான்."

அதில் இருந்த சிக்கல் பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. பந்தலில் புருஷன் வீட்டுச் சனம் மொத்தமும் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் வந்து தமிழரசியை மட்டும் தனியாகக் கூப்பிட்டால், நான் வாயே திறக்க வேண்டாம்; பந்தலுக்கே முடிவு தெரிந்துவிடும்.

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி முடித்து, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் தோல் பையோடு நான் போய் நின்றதும், "பத்தர் வந்துட்டாரு, பத்தர் வந்துட்டாரு" என்று ஒரே சத்தம். காது குத்தும் பத்தரை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாயில் உட்கார வைத்தார்கள். எதிரே தாய்மாமன் முத்தையா. அவர் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை. என்னைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் ஒரே மாதிரி கோணியது. குழந்தை மட்டும் அழுதது.

"சாரு ஆஸ்பத்திரிக்காரருப்பா!" என்று சரோஜா ஓடி வந்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்தே ஆள் வந்து காது குத்துதா? பரவாயில்லையே" என்றார் ஒரு பெரியவர்.

மாரிக்கண்ணு அயித்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உயரமான அம்மாள். வெற்றிலை வாய். "நீங்கதானா சார் அது? இங்கிட்டு வாங்க. ஒரு நாலு பேர ஒதுக்கி வச்சிருக்கேன். எனக்கே பிடிபடல. மூக்கு ஆத்தா, கண்ணு அப்பன். நீங்க பாத்துச் சொல்லிருங்க." பூவரச மரத்தடியில் நிஜமாகவே நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

தமிழரசி பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, பந்தல் காலில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லீவில் வந்திருந்த புருஷன். மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மருமகளுக்கு ஒண்ணுமில்லன்னு இந்த சார்தான் சொன்னது."

பாயிலிருந்து எழுந்து நின்றேன். 

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. சாடைக்கும் இந்தச் சீக்குக்கும் சம்பந்தம் கிடையாது. அப்பா சாடையா இருந்தாலும் வரலாம், ஆத்தா சாடையா இருந்தாலும் வராமப் போகலாம். மூஞ்சியப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது."

"நீங்க சொன்னீங்களே?" என்றார் அயித்தை.

"சொன்னேங்க."

"அப்ப அது என்ன?"

"பொய்யிங்க."

அயித்தை விடவில்லை.

"இல்ல சார், ஆஸ்பத்திரியில இப்ப மாத்திச் சொல்லச் சொல்லிட்டாங்களா?"

"இல்லம்மா. அப்பவும் அது பொய்தான். அந்தப் பொண்ணு பயந்து நின்னுச்சு. பாக்க மனசு கேக்கல. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அயித்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பத்தர் வர்றதுக்கு முன்னாடியே நீங்க எங்க எல்லாருக்கும் காது குத்திட்டீங்க."

பந்தலே சிரித்தது. முத்தையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்கு இல்லாமலும் இருக்கலாமா சார்?" என்று கேட்டார்.

"இங்க வச்சு யாருக்கு என்னன்னு நான் சொல்ல மாட்டேங்க. ரத்தம் குடுத்தவங்க வாங்க. குடுக்காதவங்களும் வாங்க. எல்லாரும் வாங்க. டாக்டர் ஒவ்வொருத்தரையா உக்கார வச்சுச் சொல்லுவாங்க."

எல்லோரும் என்று சொல்லும்போது பந்தல் முழுக்கக் கண்ணைச் சுற்றவிட்டேன். ஒருத்தர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே அவருக்குப் புரிந்ததோ என்னவோ தெரியாது. சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குக் கறி பரிமாறியது தமிழரசிதான்.  முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டார். என்னால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தூக்குச் சட்டிகளில் புளிசாதம், தண்ணீர்க் குடம், மடக்கு நாற்காலி. வாட்ச்மேன் கல்யாணக் கோஷ்டி என்று நினைத்து, மண்டபம் அடுத்த தெரு என்று வழி காட்டினார். மாரிக்கண்ணு அயித்தையும் வந்திருந்தார். "ஒங்களுக்கு இதுல சம்பந்தமே இல்லம்மா, நீங்க அப்பா வழி" என்றேன். "இருக்கட்டும் சார். இந்தத் தடவ நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் பக்கத்துல நின்னு கேக்கணும்" என்றார்.

முத்தையா முதலில் உள்ளே போனார். திரும்பி வந்தபோது எல்லோரும் அவர் மீசையையே பார்த்தார்கள். மீசை அப்படியேதான் இருந்தது. அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய முடிவு அவருடையது. நானும் சொல்ல மாட்டேன்.

தமிழரசியின் முறை வந்தது. "கூட யாரு இருக்கணும்?" என்று டாக்டர் கேட்டார். புருஷன் விமானம் ஏறிவிட்டிருந்தார். அக்காவை அழைத்தால் அழுவார். தமிழரசி என்னைப் பார்த்தார்.

"இந்த சார் இருக்கட்டும். ஆனா பேசக் கூடாது."

மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். டாக்டர் போனை இழுப்பறையில் பூட்டினார். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னிக்கே தெரிஞ்சுக்கணுமா?"

"சொல்லுங்க டாக்டரம்மா."

"உங்க அக்காகிட்ட இருக்குற அதே மாற்றம் உங்ககிட்டயும் இருக்கு. உங்க அம்மா வழியில வந்தது. இது இருக்குறதாலயே சீக்கு இருக்குன்னு அர்த்தமில்ல. வர்றதுக்கான வாய்ப்பு மத்தவங்களவிட அதிகம். வராமப் பாத்துக்கவும் வந்தா சீக்கிரமே கண்டுபிடிக்கவும் வழி இருக்கு."

தமிழரசி சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒண்ணுமில்லம்மா' என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாய் திறந்தும்விட்டது. அவர் திரும்பாமலே, "சார்" என்றார். மூடிக்கொண்டேன். இருந்த இடத்திலிருந்து எழுந்து தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தேன். அதை மட்டும்தான் செய்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு அவர் பேசினார். "ஆத்தா போறப்ப எனக்கு மூணு வயசு. அக்காவுக்கு அது மூக்கு. அண்ணனுக்கு அது வாய். என்னையத்தான் எல்லாரும் அப்பனை உரிச்சு வச்சிருக்கான்னு சொல்லுவாங்க. ஆத்தாகிட்டருந்து எனக்கு மட்டும் ஒண்ணுமே வரலன்னு நெனச்சிருந்தேன்." கொஞ்சம் சிரித்தார். "குடுத்ததுதான் குடுத்துச்சு, வேற எதாச்சும் குடுத்திருக்கலாம்." பிறகுதான் அழுதார்.

டாக்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டார். மார்பில் எதுவும் வித்தியாசமாகத் தட்டுப்படுகிறதா?

"ஒரு மாசமா ஒரு சின்னக் கட்டி மாதிரி இருக்கு. சுண்டக்கா அளவு. நான்தான் அப்பா சாடையாச்சேன்னு விட்டுட்டேன்."

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு சிஸ்டரை உள்ளே கூப்பிட்டார் டாக்டர். வெளியே வேன் மொத்தமும் காத்திருந்தது.

"என்ன சார் ஆச்சு? தமிழுக்கு என்னவாம்?"

"தெரியாதுங்க."

"அதே ரூமுக்குள்ளதான இருந்தீங்க?"

"இருந்தேன். தெரியாதுங்க."

மாரிக்கண்ணு அயித்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மற்றவர்களிடம் சொன்னார்: "விடுங்க, அவருக்கு என்ன தெரியும்."

அது புற்றுதான். சின்னது, பரவவில்லை. அறுவை, பிறகு மருந்து ஏற்றுவது, பிறகு முட்டைப்பைகளை எடுக்கும் இன்னொரு அறுவை. தமிழரசி ஒவ்வொன்றையும் தாண்டினார். திருச்சிக்கு ஸ்கேன் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் கூடப் போவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு. நார்த்தாமலை தாண்டும்போது அவர் கேட்பார், "சார், எதாச்சும் சொல்லுங்களேன்." "பசிக்குதாம்மா?" என்பேன். "ம்" என்பார். கீரனூரில் இறங்கி வடை வாங்கிக்கொண்டு ஏறுவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். உதிர்ந்த முடி இப்போது சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது. அப்பாவுக்கும் சுருள் கிடையாது, ஆத்தாவுக்கும் கிடையாது. இவ யாரு சாடை என்று மாரிக்கண்ணு அயித்தை குழம்பிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இதை எழுதலாமா என்று கேட்டு இந்த வாரம் போன் செய்தேன். "எழுதுங்க சார். பேர மட்டும் மாத்திருங்க. மாத்துறதுதான் மாத்துறீங்க, நல்ல பேரா வைங்க" என்றார். தமிழரசி என்ற பெயர் அவரே தேர்ந்தெடுத்தது.

ஒன்று மட்டும் பாக்கி. தமிழரசிக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்த நாளில், எல்லோரும் போன பிறகு டாக்டரின் ரூமுக்குள் போனேன்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். முடிவு வந்த மாசியிலேயே அந்தப் பொண்ணு வந்திருந்தா, இந்த மருந்தெல்லாம் வேண்டியிருந்திருக்காதா? அப்பவே ஸ்கேன்ல தெரிஞ்சிருக்குமா?"

 அவர் போனை அணைத்தார். இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். எழுந்து வந்து நாற்காலியை என் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கே தெரிஞ்சுக்கணுமா பிரதர்?"

யோசித்தேன். தண்ணீர்ச் சொம்பு எதிரில் இருந்தது.

"வேணாம் டாக்டர்" என்றேன்.

அவர் வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். "எப்ப வேணும்னாலும் வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் இன்னும் போகவில்லை.